எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?

ஒரு காலில் மட்டும் வீக்கம், பெரும்பாலும் இடது காலில். கெண்டைச்சதையில் இழுத்துப் பிடிக்கிற வலி, தொட்டால் லேசான சூடு. இப்படி வருபவரின் காலுக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது இன்று பெரிய வேலை இல்லை. டாப்ளர் ஸ்கேன் மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் இருக்கிறது. ஊசியும் மாத்திரையும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் இந்த நோயில் ஆட்கள் கைநழுவிப் போகிறார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் வாரம் நல்லபடியாகக் கடந்த பிறகு. மாத்திரையை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும், நிறுத்தச் சொல்வது யார் என்று எதுவும் எழுதாத சீட்டோடு அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். அட்டை தீர்ந்ததும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள். இரண்டும் ஆபத்து. சிரை ரத்த உறைவைப் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவம் கற்றதை இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பக்கம் நின்று பார்க்கிறது.

இது மேலைநாட்டாரின் நோய், நம் ஊரில் அரிது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் பரவலாகவும் தென்னிந்தியரிடம் மிகக் குறைவாகவும் இருப்பது தெரியவந்தபோது அந்த நம்பிக்கை மேலும் வலுத்தது. ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பத்தாண்டு ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உள்நோயாளிகள் 10,000 பேருக்குச் சுமார் 17 பேரிடம் ஆழ்சிரை உறைவு உறுதியாகியிருந்தது. அறிகுறி தெரிந்து, ஸ்கேன் வரை போனவர்களின் கணக்கு மட்டுமே அது. 2008-இல் வெளிவந்த எண்டார்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்றன. அந்த இந்திய மருத்துவமனைகளில் படுக்கையில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் உறைவு வரும் அபாயத்தில் இருந்தார்கள். அவர்களில் முறையான தடுப்பு மருந்து பெற்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. தேடாததால்தான் நோய் அரிதாகத் தெரிந்தது.

வீங்கிய கால் எல்லாம் உறைவு அல்ல. தோலுக்கடியில் கிருமித் தொற்று, முழங்காலுக்குப் பின்னால் உள்ள நீர்க்கட்டி உடைதல், தசைநார் கிழிதல் எல்லாம் இதே வேடத்தில் வரும். யானைக்கால் நோய் பரவலாக இருந்த ஊர்களில், வீங்கிய காலைப் பார்த்ததும் அதையே முதலில் நினைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது கனடா மருத்துவர் பிலிப் வெல்ஸ் 1990-களில் உருவாக்கிய மதிப்பெண் முறை. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறாரா, காலுக்கு மாவுக்கட்டு போட்டாரா, அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்ததா, முன்பு உறைவு வந்ததுண்டா, ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருக்கிறதா என்று கேட்டும் அளந்தும் கூட்டிக்கொள்ளலாம். வேறொரு நோய்க்கு அதே அளவு வாய்ப்பிருந்தால் இரண்டு மதிப்பெண் கழிக்க வேண்டும். இதற்குத் தேவையான கருவி தையல்காரரின் டேப் ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களையும் அளக்க ஒரு நிமிடம் போதும். அளந்து சீட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை பார்ப்பவருக்கும் அது உதவும்.

மதிப்பெண் குறைவாக இருந்தால் டி-டைமர் ரத்தப் பரிசோதனை. அதுவும் இயல்பாக இருந்தால் ஸ்கேனே வேண்டாம், உறைவு இல்லை என்று நிம்மதியாக அனுப்பலாம். மதிப்பெண் அதிகமென்றால் டி-டைமருக்குச் செலவழிக்காமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். டி-டைமரின் பலம் 'இல்லை' என்று சொல்வதில் இருக்கிறது, 'இருக்கிறது' என்று சொல்வதில் இல்லை. கொரோனா காலத்தில் டி-டைமர் வீட்டுப் பேச்சாகிவிட்டது. எண் கூடியிருக்கிறது என்று பதறி ஓடிவருபவர்கள் இன்றும் உண்டு. காய்ச்சல், கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை எல்லாமே அந்த எண்ணைக் கூட்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பை உயர்த்திக்கொள்ளலாம் என்று 2014-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதன்படி எழுபது வயதுக்காரருக்கு 500 அல்ல, 700 வரை இயல்பு. ஆனால் ஆய்வகங்கள் இருவேறு அலகுகளில் முடிவைத் தருகின்றன. எஃப்.இ.யு. அலகில் வரும் எண் டி.டி.யு. அலகில் வருவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே சொன்ன கணக்கு எஃப்.இ.யு.வுக்கு உரியது. எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் முடிவு தலைகீழாகும்.

ஸ்கேன் அறையில் மருத்துவர் சிரையை அழுத்திப் பார்க்கிறார். நல்ல சிரை அமுங்கும், உறைவுள்ள சிரை அமுங்காது. தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் இந்த முறை மிக நம்பகமானது, கெண்டைக்காலில் அவ்வளவு இல்லை. அதனால் சந்தேகம் வலுவாக இருந்து முதல் ஸ்கேன் சரியாக வந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. சனிக்கிழமை மாலை வந்தவருக்குத் திங்கள்கிழமைதான் ஸ்கேன் என்றால், ரத்தக்கசிவு அபாயம் இல்லாதவருக்கு உறைவைத் தடுக்கும் முதல் ஹெப்பாரின் ஊசியைப் போட்டுவிட்டே காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில்தான் உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகிறது.

அப்படிப் போனால் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி, சில நேரம் மயக்கம். ஆஸ்துமா என்றோ மாரடைப்பு என்றோ பயம் என்றோ இதைத் தள்ளிவிடுவது உலகெங்கும் நடக்கிறது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011-இலேயே நுரையீரலில் கட்டி வந்திருந்தது. 2017-இல் பிள்ளை பெற்ற மறுநாள் மூச்சு முட்டியபோது, இது அதுதான் என்று அவரே சொல்லி ஸ்கேன் கேட்டார். வலி மருந்தால் குழம்பியிருக்கிறார் என்றுதான் செவிலியர் முதலில் எண்ணியதாக அவர் பின்னர் விவரித்தார். ஸ்கேனில் கட்டிகள் இருந்தன. முன்பு உறைவு வந்த ஒருவர் 'அதே மாதிரி இருக்கிறது' என்று சொன்னால் அதுவே பாதி நோயறிதல்.

சிகிச்சை ஏன் அவசியம் என்பதற்கான முதல் வலுவான சான்று 1960-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து வந்தது. பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் நுரையீரல் கட்டி நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் உறைவெதிர் மருந்து கொடுத்தார்கள். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் கட்டியாலேயே இறந்தார்கள், இன்னும் 5 பேருக்கு உயிருக்கு மோசமில்லாமல் மறுபடி வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் கட்டியால் ஒருவரும் சாகவில்லை. அதற்கு மேல் யாருக்கும் மருந்தை மறுக்க மனமில்லாமல் ஒப்பீட்டை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் ஹெப்பாரினோடு சேர்த்துக் கொடுத்த மாத்திரை நிக்குமலோன். நம் மருந்துக் கடைகளில் அசிட்ரோம் என்று கேட்டு வாங்குவதும் அதே மருந்துதான்.

அசிட்ரோமும் வார்ஃபரினும் மலிவானவை, அரை நூற்றாண்டுக்கு மேல் உயிர் காத்தவை. ஆனால் அவற்றுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும், அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். காலையில் பேருந்து ஏறி நகரத்துக்கு வந்து, ரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, மாலையில் திரும்புகிற கூலித்தொழிலாளிக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் சம்பளம். கீரையே தொடாதீர்கள் என்று மிரட்டி அனுப்பும் வழக்கமும் உண்டு. அது தேவையில்லாத தண்டனை. முருங்கைக்கீரையைத் தடை செய்வதைவிட, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடச் சொல்வதே சரி. திடீரெனக் கூட்டுவதும் திடீரெனக் குறைப்பதும்தான் எண்ணை ஆட்டும்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நிலை மாறியது. டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று நேரடியாக உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் வரிசையாக வந்தன. ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். 2013-இல் வெளிவந்த ஆம்ப்ளிஃபை ஆய்வில், வார்ஃபரின் முறையோடு ஒப்பிட்டால் அபிக்சபானில் பெரிய ரத்தக்கசிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலையும் இறங்கியது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இவைதான் முதல் தேர்வு என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் எளிய மருந்து என்ற எண்ணமே புதிய தவறுகளைக் கொண்டுவந்திருக்கிறது. ரிவராக்சபான் முதல் 21 நாள் 15 மி.கி. வீதம் காலை, மாலை இருவேளை. பிறகு 20 மி.கி. ஒருவேளை. இதை வயிறு நிறைந்த சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் உடல் முழுதாக ஈர்த்துக்கொள்ளாது. அபிக்சபான் முதல் 7 நாள் 10 மி.கி. இருவேளை, பிறகு 5 மி.கி. இருவேளை. தொடக்கத்தில் உள்ள இந்த உயர் அளவைத் தவறவிடுவதும், அதைக் குறைக்க மறந்து மாதக்கணக்கில் தொடர்வதும் அன்றாடம் நேரும் பிழைகள். முதல் அட்டையையும் இரண்டாம் அட்டையையும் தனித்தனி உறையில் போட்டு, மாற்ற வேண்டிய தேதியை உறையின் மேலேயே தமிழில் எழுதித் தந்தால் இது பெருமளவு நிற்கும்.

எல்லோருக்கும் இவை ஆகாது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிரணுக் கோளாறு உள்ளவர்களிடம், குறிப்பாக மூன்று பரிசோதனைகளும் பாசிட்டிவாக வந்தவர்களிடம், ரிவராக்சபானைச் சோதித்த ஆய்வு பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான். நம் நாட்டில் அதிகம் பேச வேண்டிய இன்னொன்று காசநோய். காசநோயே ரத்தத்தை உறைய வைக்கும் போக்குடையது. அதன் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி ரிவராக்சபான், அபிக்சபான் அளவை ரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் கட்டி வளர்கிறதே என்று குழம்பும் இடம் இது. வார்ஃபரின் கொடுத்தால் அளவை வெகுவாகக் கூட்ட வேண்டியிருக்கும். காசநோய் மருந்து முடிகிற வாரங்களில் அந்த அளவைக் கவனமாக இறக்காவிட்டால் ரத்தம் கசியும். வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமசபின் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். இன்னொரு பக்கம், முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இருக்கின்றன. உறைவெதிர் மருந்தோடு இவற்றைச் சேர்த்தவர்களிடம் பெரிய ரத்தக்கசிவு இரு மடங்குக்கு மேல் கூடியதை ரிவராக்சபான் ஆய்வுகளின் தரவே காட்டியது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடலாம்.

படுக்கை ஓய்வு தேவையில்லை. மருந்து தொடங்கி வலி அனுமதித்தால் அன்றே நடக்கலாம். காலை நீவி விடுவதும் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. கால் சிரை உறைவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்பது 1996-இலேயே நிரூபணமானது. இறுக்கமான காலுறை பிற்கால வீக்கத்தைத் தடுக்கும் என்று நம்பி இருந்தோம். 2014-இல் வந்த கனடா ஆய்வு, போலிக் காலுறைக்கும் அதற்கும் வேறுபாடு காணவில்லை. இதமாக இருந்தால் போடலாம், நம் வெயிலில் வற்புறுத்த வேண்டியதில்லை.

இனி தலைப்பிலிருக்கும் கேள்வி. குறைந்தது மூன்று மாதம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு என்ன என்பதை முடிவு செய்வது கட்டியின் அளவோ ஸ்கேன் படமோ அல்ல, கட்டி ஏன் வந்தது என்பதுதான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்த பிறகு வந்தது என்றால், அந்தக் காரணம் மறைந்துவிட்டது. மூன்று மாதத்தில் நிறுத்தலாம், திரும்ப வருவது அரிது. காரணமே இல்லாமல் வந்தது என்றால் கதை வேறு. மருந்தை நிறுத்திய முதல் ஆண்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், ஐந்தாண்டில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கும், பத்தாண்டில் மூன்றில் ஒருவருக்கு மேலும் மறுபடி வருவதாக 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம்.

அப்படியானால் எல்லோருக்கும் காலமெல்லாம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். மறுபடி வரும் உறைவால் இறப்பவர்கள் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒருவர். மருந்தால் வரும் பெரிய ரத்தக்கசிவில் இறப்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். ஆகவே கசிவு வாய்ப்பு சிறிதாக இருந்தாலும் அதன் விலை பெரிது. எழுபத்தைந்து வயது, ரத்தசோகை, பழுதான சிறுநீரகம், அடிக்கடி கீழே விழும் பழக்கம், குடி இவையெல்லாம் சேர்ந்தவரையும், நாற்பது வயது ஆரோக்கியமான லாரி ஓட்டுநரையும் ஒரே விதியில் அடைக்க முடியாது. இந்த இடத்தில் பெரிய உதவியாக வந்தது குறைந்த அளவு சிகிச்சை. ஆறு மாதத்துக்குப் பிறகு அபிக்சபானை 2.5 மி.கி. இருவேளையாகக் குறைத்தாலும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 8.8 சதவீதமாக இருந்த மறுவரவு ஓராண்டில் 1.7 சதவீதமாக இறங்கியது. 2017-இல் வந்த ஐன்ஸ்டைன் சாய்ஸ் ஆய்வில் ரிவராக்சபான் 10 மி.கி. எடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் மறுபடி வந்தது. கசிவோ இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்பிரினுக்கு மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தெளிவான காரணத்தோடு வந்தவர்களுக்கும் காரணமே இல்லாமல் வந்தவர்களுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போன பயணம், சில நாள் காய்ச்சலில் படுத்தது, சிறிய அறுவை சிகிச்சை போன்ற பலவீனமான காரணங்களுக்குப் பின் வந்தவர்கள். விமானப் பயணத்தை எல்லோரும் குற்றம் சாட்டுவார்கள். நீண்ட விமானப் பயணம் செய்பவர்களில் ஏறக்குறைய 4,600 பயணத்துக்கு ஒருவருக்குத்தான் உறைவு வருகிறது. பயணத்தின் மேல் பழியைப் போட்டு மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவது அவசர முடிவு. இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். மறுபடி வருவதைப் பற்றிய பயம் பெரிதா, தினமும் மாத்திரை போடுவதன் சுமை பெரிதா என்று அவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

காரணம் தெரியாத உறைவு என்றதும் உடல் முழுக்க ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய் தேடுவதும், ஆயிரக்கணக்கில் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்வதும் பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டன. 2015-இல் வந்த கனடா ஆய்வில் 854 பேரில் 3.9 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் புற்றுநோய் தெரிந்தது. வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. நன்றாக விசாரிப்பது, எடை குறைகிறதா என்று கேட்பது, எளிய ரத்தப் பரிசோதனை, வயதுக்கு உரிய மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைகள் இவை போதும். மரபணு முடிவு பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவதில்லை. கடுமையான கட்டத்தில் சில பரிசோதனைகள் பொய்யான முடிவும் தரும். புற்றுநோய் ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த நோய் ஓயும்வரை உறைவெதிர் மருந்து தொடர வேண்டும். அபிக்சபான் இப்போது அவர்களுக்கும் ஏற்றது, குடல் புற்றில் மட்டும் கசிவுக்குக் கூடுதல் கவனம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் வார்ஃபரின் சிசுவுக்குப் போகும், புதிய மாத்திரைகளும் ஆகாது. ஹெப்பாரின் ஊசி மட்டுமே. அதன் அளவு எடையைப் பொறுத்தது, அதனால் எடையை ஊகிக்காமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு ஹெப்பாரினும் வார்ஃபரினும் தரலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமே அபாயம் மிகக் கூடிய காலம். நம் வீடுகளில் சில இடங்களில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பார்கள். உடல் வறண்டால் ரத்தம் உறைவது எளிது. பிரசவித்த பெண்களுக்கு மூளைச் சிரையில் உறைவு வந்து, தலைவலியும் வலிப்புமாகக் கொண்டுவரப்படுவதை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று ஒவ்வொரு பிரசவ வார்டிலும் சொல்ல வேண்டும். கல்யாணம், கோயில் விசேஷம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போடக் கடையில் வாங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையின் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு உறைவு வந்தவர்கள் அதைத் தொடக் கூடாது. உறைவெதிர் மாத்திரை எடுக்கும் இளம்பெண்களிடம் மாதப்போக்கு அதிகமா என்று நாம் கேட்டால்தான் சொல்வார்கள். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் அது சில மாதங்களில் ஆளையே சாய்த்துவிடும்.

கட்டியைக் கரைக்கும் ஊசி, ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகும் நிலையில் உள்ள நுரையீரல் நோயாளிக்கு மட்டும். அழுத்தம் நிலையாக இருப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் மூளையில் ரத்தக்கசிவு கூடியது. வயிற்றுப் பெருஞ்சிரையில் வைக்கும் வடிகட்டி, மருந்தே தர முடியாதவருக்கு மட்டும். வைத்தால் எடுக்கும் நாளையும் அன்றே குறித்துவிட வேண்டும்.

ஆக, யார் இவர்களைப் பின்தொடர்வது? நகரத்து நிபுணர் தொடங்குகிறார், ஊரில் இருக்கும் குடும்ப மருத்துவர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம் தொடர்கிறது. இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சுருக்கம்தான். அதில் உறைவு எந்தச் சிரையில், ஏன் வந்தது, மருந்து எந்தத் தேதியில் எந்த அளவுக்கு மாறும், மறுபரிசோதனை எப்போது என்ற நான்கு வரி இருந்தால் ஊரில் இருப்பவர் துணிந்து பார்ப்பார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடிப் போகும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறதா, வலி மாத்திரை வாங்கினீர்களா, அட்டை தீர எத்தனை நாள் என்ற மூன்று கேள்வியை அவர்களிடமும் ஒப்படைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் மாதம் வந்து நிற்பவரிடம் முதலில் மாடிப்படி ஏறும்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். நுரையீரல் கட்டி வந்து பிழைத்தவர்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பழைய கட்டி தழும்பாக ஒட்டிக்கொண்டு நுரையீரல் தமனியில் அழுத்தத்தை ஏற்றிவிடும். மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால் எக்கோ எடுக்க வேண்டும். அதில் அழுத்தம் கூடியிருந்தால், தழும்பை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை செய்யும் மையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் அதைச் செய்யும் மையங்கள் சிலவே. அந்த நோயாளிகளுக்கு உறைவெதிர் மருந்து வாழ்நாள் முழுவதும் உண்டு, அறுவை சிகிச்சை வெற்றியானாலும் கூட.